பத்து மீட்டர் குளத்தில் திரும்புவது

நான் இப்போது நீந்தும் குளம் பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். ஆழம் எங்கும் 1.2 மீட்டர். இதைச் சொன்னதும் நீச்சல் பழகியவர்களின் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடுகிறது. பெரிய குளத்தில் போட்டிக்குப் பயிற்சி செய்யும் என் தங்கை மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "பெரியம்மா, இங்கே நீந்தவே முடியாது. நாலு கை போடுவதற்குள் சுவர் வந்துவிடுகிறது."

"வரட்டும். வந்தபிறகு என்ன செய்கிறாய் என்று காட்டு" என்றேன்.

குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினாள். அழகாகத்தான் போட்டாள். ஆனால் அப்படியே பல முறை போய் வந்தபின் மூச்சு வாங்கியது, தலை சுற்றுகிறது என்று ஓரத்தில் நின்றுவிட்டாள். நல்ல உடல் வலு உள்ள பெண், இரண்டு கிலோமீட்டர் சோராமல் நீந்துகிறவள். சிறிய குளம் கேட்பது வேறு வகைத் திறமை என்று நான் நம்புவதற்கு இது ஒரு சான்று.

கணக்கைப் பாருங்கள். 1000 மீட்டர் நீந்த 50 மீட்டர் குளத்தில் 19 முறை திரும்பினால் போதும். 25 மீட்டர் குளத்தில் 39 முறை. என் குளத்தில் 99 முறை. சுவரை உதைத்துக் கிளம்பினால் மூன்று நான்கு மீட்டர் கை அசைக்காமலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். கடைசி ஒரு மீட்டர் அடுத்த திரும்பலுக்கான ஆயத்தம். நடுவில் மிஞ்சுவது நான்கைந்து கை வீச்சு. ஆகவே இங்கே நீந்துகிறவருக்கு வேலையில் பாதி, சில நாள்களில் பாதிக்கும் மேல், திரும்புவதுதான். அதைச் சரியாகச் செய்யாமல் கை வீச்சை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

போட்டி உலகமும் இதை அறியும். அதே தூரம், அதே வகை நீச்சல் என்றாலும், 25 மீட்டர் குளத்தின் உலக சாதனை நேரங்கள் 50 மீட்டர் குளத்தின் நேரங்களைவிடக் குறைவு. சுவர்கள் கூடுவதுதான் காரணம். சுவரை உதைத்த அந்த நொடியில் கிடைக்கும் வேகத்தை எந்தக் கை வீச்சாலும் தர முடியாது. தவிர, நீர்மட்டத்தில் நீந்தும்போது நம் ஆற்றலின் ஒரு பங்கு அலைகளை எழுப்புவதில் செலவாகிவிடும். அரை மீட்டர் கீழே போய்விட்டால் அந்தச் செலவு பெரிதும் குறையும். எனவே சுவரை எதிரியாக நினைக்காதீர்கள். தோளில் பழைய வலி உள்ள எனக்கு அது பெரிய உதவி; கைகள் செய்ய வேண்டிய வேலையைத் தொடைகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

குட்டிக்கரணம் ஏன் இங்கே ஒத்துவருவதில்லை? முதலில் மூச்சு. பெரிய குளத்தில் இரண்டு கரணங்களுக்கு இடையே எத்தனையோ முறை மூச்சு எடுக்கலாம். இங்கே ஒன்றோ இரண்டோதான். கரணம் போடும்போதும், உதைத்து நீருக்குள் வழுக்கி வரும்போதும் மூச்சு கிடையாது. உடலில் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அடுத்தது தலைசுற்றல். நம் உட்செவியில் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவத்தின் அசைவைக் கொண்டுதான் தலை சுழல்வதை மூளை உணர்கிறது. ஒரு சுழற்சியின் அசைவு அடங்குவதற்குள் அடுத்தது வந்தால் குழப்பம்தான். மூன்றாவது, வீட்டுக் குளங்களின் விளிம்பு. பல குளங்களில் மேல் விளிம்புக் கல் சுவரைத் தாண்டி உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நீருக்கு மேலே சுழன்று வரும் குதிகால் அதில் பட்டால் எலும்பு தப்பாது. ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றால் தலைக்கும் ஆபத்து. அப்படிப்பட்ட குளத்தில் யாரும் கரணம் போட வேண்டாம் என்று உரக்கச் சொல்வேன்.

இருந்தும் அதைத்தான் போட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே குறிப்பு: தலை கீழே இறங்கத் தொடங்கும் கணத்திலிருந்து கால் சுவரில் படும்வரை மூக்கு வழியாகச் சீராகக் காற்றை விடுங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகினாலே போதும், மூக்கில் நீர் ஏறாது.

நான் பரிந்துரைப்பது கையால் தொட்டுத் திரும்புவது. நீச்சல்காரர்கள் ஓபன் டர்ன் என்பார்கள். கரணம் வராதவர்களுக்கு உரியது என்று இதைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும், இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த இரு வகைகளிலும் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குகிறவர்கள் திரும்புவது இந்த முறையில்தான். அவர்கள் சுவரோரம் செய்வதைக் காணொளியில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவ்வளவு சிக்கனமான அசைவை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

குப்புறப் படுத்து, கைகளை மாறிமாறி வீசும் ஃபிரீஸ்டைலில் வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வீச்சில் ஒரு கை நீண்டபடி சுவரைத் தொடும். தொடுவதோடு சரி. பெரும்பாலானவர்கள் விளிம்பைப் பற்றிக்கொண்டு மார்பை மேலே தூக்குகிறார்கள். இங்கேதான் எல்லாம் வீணாகிறது. உடலை மேலே தூக்க ஆற்றல் போகிறது. தூக்கிய உடல் மறுபடி அமிழ்ந்து சமநிலைக்கு வரும்வரை நேரம் போகிறது. அதற்குள் வந்த வேகம் முழுதும் செத்துவிடுகிறது. மேலே போகாதீர்கள். கை சுவரைத் தொட்டதும் முழங்கை மடங்கட்டும், முழங்கால்கள் வயிற்றுக்குக் கீழே சுருண்டு சுவரை நோக்கி வரட்டும். உடல் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுழலும். மற்றக் கையைச் சுவர்ப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அது போக வேண்டிய திசையைக் காட்டியபடி பின்னாலேயே நீருக்குள் நிற்கட்டும். பலர் இரண்டு கைகளையும் சுவருக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஒன்றைத் திரும்பக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பயணம் தேவையில்லாதது.

கால்கள் சுவரை நெருங்கும்போது தொட்ட கை சுவரை விடுகிறது. அது நீருக்கு மேலாக, காதை ஒட்டிப் பறந்து வந்து, போக வேண்டிய திசையில் நீண்டிருக்கும் மற்றக் கையோடு சேர வேண்டும். அந்தக் கை காதைக் கடக்கும் கணத்தில்தான் மூச்சு. முழு மூச்சு, அவசரப்படாத மூச்சு. கரணத்தில் கிடைக்காதது இதுதான். பிறகு தலை பக்கவாட்டில் நீருக்குள் சரியும். பாதங்கள் நீர்மட்டத்திலிருந்து ஒரு முழங்கை அளவு கீழே, அருகருகே, விரல்கள் பக்கவாட்டைப் பார்த்தபடி சுவரில் பதியும். உடல் ஒருக்களித்து இருக்கும். அந்த நிலையிலேயே உதையுங்கள். குப்புற ஆன பிறகு உதைப்போம் என்று காத்திருக்க வேண்டாம். வழுக்கிச் செல்லும்போது உடல் தானாகக் கவிழ்ந்துகொள்ளும்.

உதைக்கும் முன் இரு கைகளும் தலைக்கு முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டு, மேற்கைகள் காதுகளை நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் உதைத்துவிட்டுப் பிறகு கைகளை நீட்டினால், மிக வேகமாக இருக்கும் நேரத்தில் உடல் விரிந்து நீரைத் தடுக்கும். என் தங்கை மகளின் பயிற்சியாளர் இதை அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ! பெரிய குளத்தில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இங்கே ஒவ்வொரு பத்து மீட்டரிலும் அந்தத் தவறு முகத்தில் அடித்ததால் ஒரே வாரத்தில் திருந்திவிட்டது.

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரு பக்கம் வசதியான பக்கம். கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு முறையும் அதே பக்கமாகவே திரும்புவோம். பெரிய குளத்தில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே ஒரே இடுப்பும் ஒரே தோளும் அத்தனை திரும்பல்களையும் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு முனையில் வலது கை, மறுமுனையில் இடது கை என்று வைத்துக்கொண்டேன். குளத்தின் படிக்கட்டு இருக்கும் முனை எனக்கு எப்போதும் இடது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நான் எண்பதுகளில் போட்டிகளில் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்தும் நீச்சல், நீந்தியவள். அப்போதைய விதிப்படி, மல்லாந்த நிலையிலேயே கை சுவரைத் தொட்டாக வேண்டும். 1991-இல் அந்த விதி மாறியது. இப்போது சுவரை நெருங்கும்போது குப்புறக் கவிழ்ந்து, ஒரு கையால் நீரை ஒருமுறை இழுத்து, கரணம் போட்டுக் காலால் தொட்டால் போதும். அதனால் பழைய முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சிறிய குளத்துக்கு அதைவிடப் பொருத்தமான திரும்பல் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

அது இப்படி: மல்லாந்து வரும்போது தலைக்குப் பின்னால் நீளும் கை, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் பதியும். விரல்கள் மறுதோளின் பக்கம் பார்த்திருக்கும். முழங்கை மடங்கித் தலை சுவரை நெருங்கும்போது, முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, நீருக்கு மேலே தூக்கி, சுவரைத் தொட்ட கையின் பக்கமாக வீசுங்கள். உடல் முதுகின்மேல் படுத்தபடியே, நீர்மட்டத்திலேயே அரைவட்டம் சுழலும். மற்றக் கை இடுப்பருகே நீரைத் தலைப் பக்கமாகத் துழாவி அந்தச் சுழற்சிக்கு உதவும். கை இருந்த இடத்துக்குப் பாதங்கள் வந்துவிடும். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, உதைத்துக் கிளம்ப வேண்டியதுதான். முகம் பெரும்பாலும் நீருக்கு மேலேயே இருப்பதால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆழமும் தேவையில்லை, இடுப்பளவு நீரில்கூடச் செய்யலாம். பழகிவிட்டால் அந்தச் சுழற்சியில் ஒரு பெரும் மகிழ்ச்சி இருக்கிறது.

இதில் சிக்கல் ஒன்றே: சுவர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? போட்டிக் குளங்களில் சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில், நீர்மட்டத்துக்கு 1.8 மீட்டர் மேலே, குறுக்கே கொடிகள் தொங்கும். கொடியைப் பார்த்ததும் வீச்சுகளை எண்ணிக்கொண்டு சுவருக்கு வருவோம். பத்து மீட்டர் குளத்தில் இரு முனைகளுக்கான கொடிகளும் நட்டநடுவில் ஒரே கோட்டில்தான் வந்து விழும். பயன்படாது. நான் குளத்தோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை, ஒவ்வொரு சுவரிலிருந்தும் இரண்டரை மீட்டர் தள்ளி வைத்துக்கொள்கிறேன். கடைக்கண்ணில் நாற்காலியின் முதுகு தெரிந்ததும் ஒரு வீச்சு, பிறகு கையை நீட்டியபடி காத்திருப்பது. நீட்டிய கை இல்லாமல் தலையைச் சுவரை நோக்கிக் கொண்டுபோவதை யாரும் செய்ய வேண்டாம்.

பேக்ஸ்ட்ரோக் என்றாலே எனக்கு 1988 சியோல் ஒலிம்பிக் நினைவுக்கு வரும். 100 மீட்டரில் ஜப்பானின் டைச்சி சுசுகி தங்கம், அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் வெள்ளி. இருவரும் தொடக்கத்தில் வெகுதூரம் நீருக்குள்ளேயே, இரு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிக்கும் டால்ஃபின் உதையில் போனார்கள். கை வீச்சையே முதன்மையாக நினைத்துப் பயின்ற எங்களுக்கு அது பேரதிர்ச்சி. அதன் பிறகுதான் நீருக்குள் செல்லும் தூரத்துக்கு வரம்பு வந்தது. முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர் என்று ஆனது. இன்று பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை, ஃபிரீஸ்டைல் மூன்றுக்கும் அந்த 15 மீட்டர் விதி உண்டு.

என் குளமோ 15 மீட்டரே இல்லை. இங்கே ஒரு நீளம் முழுவதையும் நீருக்குள்ளேயே கடக்கலாம், திரும்பி வரவும் செய்யலாம் என்ற ஆசை பிள்ளைகளுக்கு எளிதில் வரும். இதில் நான் மிகக் கண்டிப்பானவள். நீருக்குள் போகும் முன் வேகவேகமாக ஆழமூச்சு இழுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு எடுக்க வேண்டும் என்ற உந்துதலைத் தருவதே கரியமில வாயு. அது குறைந்திருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். நீருக்குள் நினைவு தப்பினால், ஆழம் 1.2 மீட்டர் என்பது காப்பாற்றாது. எங்கள் குளத்தில் மூச்சடக்கும் பந்தயம் நடந்தால் நான் குறுக்கே போய் நின்று நிறுத்திவிடுவேன். பெற்றோர்கள் முகம் சுளித்தாலும் சரி.

சுவரே இல்லாமல் திரும்புவதையும் இந்தக் குளத்தில்தான் உருப்படியாகக் கற்றேன். ஐந்து மீட்டர் அகலம் இருக்கிறது. அதில் எட்டு என்ற எண்ணின் வடிவில் நீந்தலாம். வட்டமாகப் போனால் ஒரே பக்கம்தான் திரும்புவோம், எட்டில் இரண்டு பக்கமும் வந்துவிடும். சுவர் உறுதியாக நிற்கும், அதைத் தள்ளலாம். நீர் விலகிக்கொடுக்கும். அதனால் திசையை மாற்ற வேண்டுமானால் அதிக நீரை, தள்ளவேண்டிய பக்கம் பார்த்துத் தள்ள வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் முதலில் பார்வையும் தலையும் இடப்பக்கம் போகட்டும். இடது கையை முன்னே நீட்டியபடி சற்று நிறுத்திவைத்து, வலது கையை உடலிலிருந்து விலக்கி, அகலமாக, வலுவாக வலியுங்கள். ஒரு பக்கத் துடுப்பை நிறுத்தி மறுபக்கத் துடுப்பை வலித்தால் படகு திரும்புவதைப் போல உடல் திரும்பும். முதுகையும் விறைப்பாக வைத்துக்கொள்ளாமல் போகும் திசைக்கு லேசாக வளையவிட வேண்டும். மூன்று நான்கு வீச்சுகளில் அரைவட்டம் முடிந்துவிடும். கால் உதையை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இடுப்பு அமிழும், அமிழ்ந்த இடுப்பைத் திருப்புவது கடினம்.

இன்னும் குறுகிய இடத்தில் திரும்ப, கடலில் நீண்ட தூரம் நீந்துகிறவர்கள் மிதவையைச் சுற்றும்போது செய்யும் முறை ஒன்று உண்டு. ஒரு கையை ஃபிரீஸ்டைலில் வலித்து, அப்படியே மல்லாந்து, மறு கையைப் பேக்ஸ்ட்ரோக்கில் புதிய திசையை நோக்கி வீசி, உடனே மீண்டும் கவிழ்ந்துவிடுவது. ஒரே உருளலில் ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திசை மாறிவிடும். இரண்டு முறை செய்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். வேகம் சாகாது, மூச்சும் கிடைக்கும். எதிரே யாராவது சட்டென்று குறுக்கிட்டால் எனக்குக் கைகொடுப்பதும் இதுதான்.

குறுக்கீடு என்றதும் அலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிக் குளங்களில் ஓரத்து வாய்க்கால்களும் லேன் பிரிக்கும் மிதவைக் கயிறுகளும் அலைகளை விழுங்கிவிடும். சாதாரணச் சுவர் உள்ள குளத்தில் அலை மோதித் திரும்பி வரும். அதோடு, நாம் பின்னால் விட்டுவந்த அலை நாம் திரும்பும் நேரத்தில் நேர் எதிரே வந்துசேரும். உதைத்ததும் மேற்பரப்பிலேயே போனால் அது முகத்தில் அறையும். சற்றுக் கீழ்நோக்கி உதைத்து அதன் அடியில் போய்விடுங்கள். இரண்டு பேர் நீந்துகிற நாளில் ஒருவர் இடது ஓரம், மற்றவர் வலது ஓரம் என்று பேசிக்கொண்டு இறங்குவது நல்லது. மோதல் நடப்பது எப்போதும் திரும்பும் இடத்தில்தான்.

தூரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குளத்தில் நீந்திய 1000 மீட்டரைத் திறந்த நீரின் 1000 மீட்டரோடு ஒப்பிடக் கூடாது. பெரும் பகுதியைச் சுவர்தான் கடத்திக் கொடுத்தது. நான் மீட்டரை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தை வைத்துக்கொள்கிறேன்: முப்பது நிமிடம், அதில் பத்து நிமிடம் தொட்டுத் திரும்பும் ஃபிரீஸ்டைல், பத்து நிமிடம் பழைய பாணி பேக்ஸ்ட்ரோக், கடைசிப் பத்து நிமிடம் சுவரைத் தொடாமல் எட்டு வடிவம். கடலுக்கோ ஏரிக்கோ தயாராகிறவர்கள் இந்த மூன்றாவது பகுதியை இரு மடங்காக்கிக்கொள்ளலாம். அங்கே உதைக்கச் சுவர் கிடைக்காது. முதல் சில நாள்கள் தொடைகள் வலிக்கும். ஒவ்வொரு உதையும் உட்கார்ந்து எழுவதற்குச் சமம். அந்த நாள்களில் உதைக்கும் விசையைக் குறைத்துக்கொண்டு, கைகால்கள் மாறும் வரிசையை மட்டும் பழகுங்கள்.